மறு: கௌஜ் வகை உளிகளுக்கு ஒரே பெயர் போதுமா?

> கௌஜ் எல்லாவற்றுக்கும் 'குழியுளி' என்று வைத்துவிடலாம். வகை பிரிக்க வேண்டிய இடத்தில் அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

ஐயா, வணக்கம்.

மரம் கடையும் உளிகளுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில், கௌஜ் (gouge) என்பது வாய் குழிந்த உளி; அந்த உருவத்தைக் குழியுளி சரியாகவே சொல்கிறது. ஆனால் அதைப் பொதுப்பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை. மரத்தைச் சுழற்றிக் கடையும் கடைசல் எந்திரம் புதிதாக வாங்கியவருக்கு அது ஆபத்தாகவே முடியலாம்.

ரஃபிங் கௌஜையே எடுத்துக்கொள்வோம். சதுரக் கட்டையை உருளையாக்குவது அதன் வேலை. வாய் அகலமாக இருக்கும்; கைப்பிடிக்குள் போகும் வால் தட்டையாக, மெலிதாக இருக்கும். நாற்காலிக் கால், கட்டில் கால் போன்றவற்றில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடுவதால் அந்த வால் தாங்கும். கிண்ணம் கடையும்போது அப்படியில்லை. கட்டை ஒருமுறை சுற்றுவதற்குள் ரேகையின் வெட்டுமுகம் இரண்டு தடவை உளிவாயில் வந்து மோதும். உளி மாட்டிக்கொண்டால் வால் ஒடிந்து தெறிக்கும். அதற்காகத்தான் கிண்ணத்துக்கென்று இருக்கும் கௌஜைத் தடித்த உருண்டைக் கம்பியில் ஆழமாகக் குழி இழுத்துச் செய்கிறார்கள்.

இரண்டுக்கும் குழியுளி என்றே பெயர் வைத்தால் பேச்சில் முதலில் உதிர்வது அடைமொழிதான். அதனால் வேலையை வைத்துப் பெயரிடலாம் என்கிறேன். சதுரத்தை உருட்டுவது உருட்டுளி. கிண்ணம் குடைவது குடைவுளி. மணி போன்ற புடைப்பும் பள்ளமும் வைக்கும் சிறிய கௌஜ் வளைவுளி. இழைப்பதற்கு இழைப்புளி என்று நம் தச்சர்கள் வைத்த முறையும் இதுதானே.

அதே வழியில், கடைந்த துண்டை அறுத்தெடுக்கும் பார்ட்டிங் டூலுக்கு அறுப்புளி. ஸ்கிரேப்பருக்குச் சுரண்டி போதும், வீட்டில் புழங்கும் சொல். ஸ்கியூவுக்கு மட்டும் வேலைப்பெயர் சரியாக அமையவில்லை, அது செய்யும் வேலைகள் பல. வாய் சாய்ந்திருப்பதால் சாய்வுளி என்றே விட்டுவிடலாம்.

சொற்பட்டியலில் பொருள் எழுதும்போது, புதியவர் எதை முதலில் வாங்குவது என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். கால், கைப்பிடி வேலைக்கு உருட்டுளி, 10 மி.மீ. வளைவுளி, 3 மி.மீ. அறுப்புளி, ஒரு சுரண்டி போதும். கிண்ணம் கடையத் தொடங்கும்போது குடைவுளி வாங்கலாம். சாய்வுளி அழகாகச் சீவும், ஆனால் அதன் மேல்முனை மரத்தில் பட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். கை பழகட்டும். எல்லாமே எச்.எஸ்.எஸ். எனப்படும், சூட்டில் எளிதில் பதம் இழக்காத எஃகாக இருப்பது நல்லது. சாதாரணக் கார்பன் எஃகு சாணையில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும்.

அப்புறம், பெவல், அதாவது சாணை பிடித்த உளிவாயின் சரிந்த பரப்பு. இதற்குச் 'சாணைச்சரிவு' சரியாக வருமா? 'சரிவு' மட்டும் போதாது என்பது என் எண்ணம். உளியைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது முதலில் சொல்வதே அதுதான்: உளியை எந்திரத்தின் உளித்தாங்கியில் வை, சாணைச்சரிவை மரத்தில் உரசவிடு, பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்து, சீவல் வரத் தொடங்கும் இடத்தில் நிறுத்து. சுரண்டிக்கு இது பொருந்தாது, அதன் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம் பக்கம் மரச்சொப்பு கடைபவர்களைத் தெரிந்தவர் யாராவது குழுவில் இருந்தால், அவர்கள் ஒவ்வோர் உளியையும் எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பட்டறைச் சொல் கிடைத்தால் நான் முன்வைத்ததை எடுத்துவிட்டு அதையே போடலாம்.