டெவோன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகளை ஒரே நாள் நடையில் படமெடுக்க எந்தக் காலம் ஏற்றது?

கொழும்புவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் பத்தனைச் சந்தியில் பேருந்தை விட்டிறங்கி, ஏ7 வீதி வழியாக டெவோன் நீர்வீழ்ச்சியையும் சென்கிளயர் நீர்வீழ்ச்சியையும் படமெடுத்துக்கொண்டு தலவாக்கலை நகர் வரை நடந்தே செல்ல எண்ணியிருக்கிறேன். புகையிரத யன்னலிலிருந்து இவ்விரண்டையும் பலமுறை பார்த்திருந்தாலும், நின்று நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு இதுவரை அமையவில்லை. நீரும் நிறைந்து, மூடுபனியும் மறைக்காமல் இருக்கும் காலம் எது? நீரைப் பட்டுப்போல் மென்மையாகக் காட்டும் நீண்ட நேர ஒளிப்பதிவையே நான் விரும்புகிறேன். அதற்கு எத்தனை வினாடி வைப்பது நல்லது? சென்கிளயரில் இப்போது நீர் விழுவதே இல்லை என்று சிலர் சொல்கிறார்களே, அது உண்மையா?

பத்தனையூரான் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். தென்மேல் பருவக்காற்று மே மாத இறுதி தொடங்கிச் செப்டம்பர் வரை எங்கள் பக்கத்து மலைகளில் மோதித்தான் மழையைக் கொட்டுகிறது. அந்த மாதங்களில் டெவோனுக்கு நீர்க்குறை இராது. ஆனால் வீதியோரத்துக் காட்சி மேடையில் நின்றால் எதிர்மலை இருக்கும் இடமே தெரியாதபடி பனி மூடிவிடும். காற்று சற்றுத் திசை மாறும்போது சில நிமிடங்கள் திரை விலகும். அதற்குக் காத்திருக்கும் பொறுமை இருந்தால் ஆடி மாதத்திலும் நல்ல படம் கிடைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிந்திருக்கும். பகலில் வறண்ட காற்றும் இரவில் கடுங்குளிருமாக இருக்கும் அந்தக் காலந்தான் திம்புளைத் தேயிலையின் மணம் உச்சத்தில் இருக்கும் பருவம். கொழுந்துக்கு உகந்த அந்த வறட்சி அருவியை மெலியவைத்துவிடும்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், ஒக்டோபர் மாதத்தையோ நவம்பர் முற்பகுதியையோ தெரிவுசெய்யுங்கள். இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அக்காலத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். முதல்நாள் மாலை பெய்த மழையின் நீர் மறுநாள் காலையிலும் அருவியில் நிற்கும், வானமும் கழுவிவிட்டதுபோல் இருக்கும். ஆகவே ஆறரை மணிக்கெல்லாம் டெவோனுக்கு எதிரே இருப்பதும், நண்பகலுக்குள் சென்கிளயரை முடித்துக்கொள்வதும் நல்லது. வீதியில் வளைவுகள் அதிகம், பேருந்துகள் வேகமாக வரும். எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி வலப்பக்கமாகவே நடந்து செல்லுங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

கால நிலையைப் பற்றிப் பத்தனையூரான் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஒளிப்பதிவு நேரத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம்மவர்கள் எடுக்கும் அருவிப் படங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன.

பட்டுப்போன்ற நீர் எல்லா அருவிக்கும் பொருந்துவதில்லை. டெவோன் 97 மீற்றர் உயரத்திலிருந்து பாறைப் படிகளில் தட்டித்தட்டி இறங்கும் அருவி. நீர் குறைந்து பல இழைகளாகப் பிரிந்து விழும் நாட்களில் அரை வினாடியோ ஒரு வினாடியோ வைத்தால் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரியும், படமும் அழகாக இருக்கும். அதே ஒரு வினாடியைப் பெருமழைக்கு மறுநாள் வைத்தால், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நடுவில் எந்த விவரமும் இல்லாத வெள்ளைப் பட்டை ஒன்றே மிஞ்சும். அருவியின் வலிமை முழுவதும் போய்விடும். நீர் பெருகியிருக்கும்போது பதினைந்தில் ஒரு வினாடி முதல் நான்கில் ஒரு வினாடி வரை வைத்துப் பாருங்கள். நீரின் அசைவும் தெரியும், அது பாறையில் மோதிச் சிதறும் இடமும் தெரியும். ஐந்நூறில் ஒரு வினாடியில் துளிகளை உறையவைத்தும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அருவியின் சீற்றத்தை அதுவே சொல்லும்.

வெண்ணீர் மிக எளிதில் வெளுத்துவிடும். கமராவின் தானியங்கி அளவை கரும்பச்சைத் தேயிலைச் சரிவைக் கணக்கில் எடுத்து ஒளியைக் கூட்டிவிடுவதால், அதைவிட முக்கால் நிறுத்தமாவது (ஒரு நிறுத்தம் என்பது ஒளியைப் பாதியாக்கும் அளவு) குறைத்து எடுத்து, கமராத் திரையில் தெரியும் ஒளிப்பரவல் வரைபடம் (ஹிஸ்டோகிராம்) வலது ஓரத்தை முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நேரத்தை நீட்டுவதற்காக லென்ஸின் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கினால், ஒளி சிறு துவாரத்தின் ஓரத்தில் வளைந்து பரவும் விளிம்பு விளைவால் கூர்மை குறையும். எஃப் 8 அல்லது எஃப் 11இல் நிறுத்திவிட்டு, ஒளியுணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) 100இல் வைத்து, மீதி ஒளியைக் குறைக்க, லென்ஸின் முன் மாட்டும் கருங்கண்ணாடியான என்.டி. வடிகட்டியைப் போடுவதே முறை. ஒரே ஒரு வடிகட்டிதான் வாங்க முடியும் என்றால் முனைவாக்க வடிகட்டியை வாங்குங்கள்: அது ஒளியையும் ஓரளவு குறைக்கும், ஈரப்பாறையிலும் தேயிலை இலையிலும் உள்ள வெண்பளபளப்பையும் நீக்கும். கணினியில் எவ்வளவு திருத்தினாலும் இந்தப் பின்பயனைப் பெற முடியாது. டெவோன் பள்ளத்தாக்குக்கு அப்பால் இருப்பதால் 70 முதல் 200 மில்லிமீற்றர் வரையான லென்ஸே அதிகம் உதவும். முக்காலி இல்லாமல் போகவேண்டாம்.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியது:

சென்கிளயரைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். நீர் விழுவதே இல்லை என்பது உண்மையன்று. ஆனால் முன்பு விழுந்ததைப்போல் விழுகிறது என்பதும் உண்மையன்று.

80 மீற்றர் உயரமும் அதற்கேற்ற அகலமும் கொண்ட அந்த அருவி கொத்மலை ஓயாவில் இருக்கிறது. இலங்கையின் சின்ன நயாகரா என்று அதை அழைத்ததற்கு அந்த அகலமே காரணம். அருவிக்கு மேலே, எங்கள் நகரத்தின் ஓரத்திலேயே மேல் கொத்மலை அணையைக் கட்டி, ஆற்று நீரைச் சுமார் 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே நிலத்தடி மின்நிலையத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். 2012இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்தின் கொள்திறன் 150 மெகாவாற்று. அருவி அழிந்துவிடும் என்று எழுந்த நீண்ட எதிர்ப்பின் பயனாக, பகல் வேளையில் அருவிக்கென ஓரளவு நீரைத் திறந்துவிடும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆகவே சாதாரண நாளில் நீங்கள் காண்பது அளந்து விடப்பட்ட நீர். கடும் மழையில் வான்கதவுகள் திறக்கப்படும்போதுதான் பழைய சென்கிளயரைப் பாறை நிறையப் பார்க்கலாம்.

அந்த நேரத்தில் படமெடுக்க ஆசை வருவது இயல்பு. ஆனால் வீதியோரத்திலிருந்து மட்டும் எடுங்கள். அருவியின் அடிவாரத்துக்கோ கீழே ஆற்றோரத்துக்கோ இறங்குவது உயிராபத்து; மழை மேலே பெய்துகொண்டிருக்க, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், நீர்மட்டமோ சில நிமிடங்களில் உயர்ந்துவிடும். எங்களுக்கு மின்சாரமும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும், மெல்லிய நீரோடு இருக்கும் சென்கிளயரைப் படமெடுத்து வெளியிடுபவர்கள், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் எடுத்தது என்பதைப் படத்தின் கீழே தவறாமல் குறிப்பிடவேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். நாளை இந்த ஆற்றின் நிலையைப் பற்றிப் பேச வருபவர்களுக்கு அந்த ஒரு வரி சான்றாக இருக்கும்.

கொழும்புவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. படங்களில் மாதத்தையும் நேரத்தையும் கட்டாயம் குறிப்பிடுவேன், ஆசிரியர் ஐயா. ஒக்டோபரிலேயே வருகிறேன். வீதியை விட்டுத் தேயிலை மலைக்குள் இறங்கி, கொழுந்து பறிப்பவர்களையும் சேர்த்து அருவியை எடுக்கலாமா?

பத்தனையூரான் எழுதியது:

மலைக்குள் இறங்குவதற்குத் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்கவேண்டும். பறிப்பவர்களை எடுப்பதானால், தூரத்திலிருந்து பெரிய லென்ஸால் எடுத்துக்கொண்டு நழுவாதீர்கள், அருகில் சென்று, "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று ஒருவர் தலையசைத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளந்தான்) போடுவார்கள் என்பதால், திரும்பி நில்லுங்கள், கூடையைத் தூக்குங்கள் என்று சொல்லி அவர்களுடைய நேரத்தை எடுக்கவே கூடாது. கொழுந்து நிறுக்கும் வேளையில் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். கேட்பதற்கும் இரண்டு வார்த்தை பேசுவதற்கும் அந்த நேரமே வசதியானது.

மழைக்குப் பிந்திய நாட்களில் அட்டை அதிகம், காலுறைக்கு வெளியே சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மழை முந்திக்கொண்டால் நடையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ போகும் பேருந்தில் ஏறிவிடலாம். பகலில் அந்த வீதியில் நெடுநேரம் காத்திருக்க நேராது.