ரிவர்சிங் என்ட்ரிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கும்பகோணத்திலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு,

வரவுசெலவை அந்தந்த ஆண்டுக்கு உரியதாக்கும் ஆண்டிறுதிச் சரிக்கட்டுப் பதிவுகளுக்கு வேண்டிய சொற்களில் பெரும்பாலானவை மேல்நிலை வகுப்புப் பாடநூலிலேயே இருக்கின்றன. கொடுபட வேண்டிய செலவு, முன்கூட்டிச் செலுத்திய செலவு, கூடியுள்ள வருமானம் (ஈட்டியும் இன்னும் கைக்கு வராதது), வாரா ஐயக்கடன் ஒதுக்கு எல்லாம் பழகிய சொற்கள்தாம். மார்ச் 31-இல் போட்ட பதிவை ஏப்ரல் 1-இல் பற்றை வரவாகவும் வரவைப் பற்றாகவும் மாற்றிப் போடுகிறோமே, அந்த ரிவர்சிங் என்ட்ரிக்குத்தான் ஆளுக்கொரு பெயர். டெல்டா அரிசி ஆலைக் கணக்கர்களுக்கான கையேட்டில் ஒரே சொல் இருக்க வேண்டும்.

பேச வசதியாக ஒரு கணக்கு. ஆலையில் சுமைதூக்குவோருக்கு வாரக் கூலி, திங்கள் முதல் சனி வரை ஆறு நாளுக்கு ரூ. 54,000, சனிக்கிழமை பட்டுவாடா. 31.03.2026 செவ்வாய்க்கிழமை. ஆகவே இரண்டு நாள் கூலி ரூ. 18,000 பழைய ஆண்டைச் சேர்ந்தது. அன்று கூலிக் கணக்கில் பற்று, கொடுபட வேண்டிய கூலிக் கணக்கில் வரவு. ஏப்ரல் 1-இல் இதையே மாற்றிப் போட்டால் கூலிக் கணக்கு ரூ. 18,000 வரவு இருப்போடு புத்தாண்டைத் தொடங்கும். ஏப்ரல் 4-இல் காசாளர் எதையும் பிரிக்காமல் ரூ. 54,000 முழுவதையும் கூலியில் எழுதலாம், மிஞ்சுவது ரூ. 36,000, அதாவது ஏப்ரலின் நான்கு நாள் கூலி மட்டும். மாற்றிப் போட மறந்தால் அந்த ரூ. 18,000 இரண்டு ஆண்டுகளிலும் செலவாக ஏறும். கொடுபட வேண்டிய கூலியும் தீராமல் அடுத்த இருப்புநிலைக் குறிப்பு வரை நிற்கும்.

எதிர்ப்பதிவு, மீள்பதிவு, நீக்கப் பதிவு, திருப்புப் பதிவு என நான்கு சொற்கள் புழக்கத்தில் உள்ளன. உங்கள் கருத்து என்ன?

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, வணக்கம். ‘எதிர்ப்பதிவு’ வேண்டவே வேண்டாம். ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையே பணம் மாறுவதைக் காட்டும் கான்ட்ரா பதிவுக்கு அது பாடநூலில் நிலைத்துவிட்டது. டாலி கணக்கு மென்பொருளில் எஃப்4 அழுத்திப் போடுவது அதைத்தான். ‘மீள்பதிவு’ என்றால் அதே பதிவை இன்னொரு முறை போடுவது என்று பொருள்படும். புதிதாகச் சேர்ந்த கணக்கர் அப்படியே செய்துவைத்தால் கூலி இரட்டிப்பாகும்.

‘நீக்கப் பதிவு’ இன்னும் ஆபத்தானது. நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மார்ச் பதிவை நீக்குவதும் இந்தப் பதிவைப் போடுவதும் வெவ்வேறு. நீக்கினால் தணிக்கையாளர் கையொப்பமிட்ட இருப்புநிலைக் குறிப்பே மாறிப்போகும். நாம் செய்வது புதிய தேதியில் புதிய பதிவு.

‘திருப்புப் பதிவு’ எனக்கு உடன்பாடே. சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் “நகையைத் திருப்பிட்டோம்” என்று நம் பக்கம் சொல்வதுபோல, கொஞ்ச காலத்துக்கென்று ஓரிடத்தில் வைத்ததை மீட்கிறோம் என்ற பொருள் அதில் கிடைக்கிறது. தவறைத் திருத்துகிறோம் என்ற சாயல் துளியும் இல்லை. மார்ச் பதிவும் சரி, ஏப்ரல் பதிவும் சரி என்பது கணக்கருக்கு உறைக்க வேண்டும்.

டாலியில் ‘ரிவர்சிங் ஜர்னல்’ என்றொரு வவுச்சர் வகை உண்டு. அதன் பெயரைப் பார்த்து ஆண்டிறுதிப் பதிவை அதில் போடுகிறார்கள். அது ‘இப்படி இருந்தால்’ என்று பார்க்கும் சினாரியோ அறிக்கைகளில் மட்டும் தெரியும். வழக்கமான பேரேட்டிலும் இருப்புநிலைக் குறிப்பிலும் ஏறாது. இரண்டு தேதிக்கும் சாதாரண ஜர்னல், எஃப்7, என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

திருவாரூரிலிருந்து:

மன்னார்குடி அம்மா சொன்னதில் ஓர் இடர். சரக்கு திரும்புவதற்குக் கொள்முதல் திருப்பம், விற்பனைத் திருப்பம் என்ற சொற்கள் ஏற்கெனவே உள்ளன. ‘திருப்பப் பதிவு’ என்று யாராவது எழுதிவிட்டால் திரும்பி வந்த தவிட்டு மூட்டைக் கணக்கோ என்று தோன்றும். ஆகவே ‘சரிக்கட்டுப் பதிவு’ போல வினையடியை வைத்துத் ‘திருப்புப் பதிவு’ என்றே எழுத வேண்டும். முதல் முறை வருமிடத்தில் ‘ஆண்டுத்தொடக்கத் திருப்புப் பதிவு’ என்று விரித்துச் சொல்லிவிடலாம்.

சொல்லைவிட, எதைத் திருப்பலாம் என்பதில்தான் தவறு மிகுதி. தேய்மானத்தைத் திருப்பினால் ஆலை இயந்திரத்தின் ஏட்டு மதிப்பு ஒரே நாளில் பழையபடி ஏறிவிடும். ஐயக்கடன் ஒதுக்கு, பணிக்கொடை ஒதுக்கு, இறுதிச் சரக்கிருப்பு இவையும் திருப்பக் கூடாதவை. ஏப்ரலில் பட்டியலாகவோ (பில்) பணமாகவோ தானே வந்து தீரப்போகும் தொகைகள் மட்டும் திருப்பத்தக்கவை: கூலி, மார்ச் மின்கட்டணம், லாரி வாடகை, அரவைக் கூலி வருமானம்.

அரவைக் கூலி நம் பகுதிக்கே உரியது என்பதால் விரிவாக எழுத வேண்டும். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலையில், சம்பா, தாளடி கொள்முதல் முடியும் மார்ச் கடைசியில் சிப்பங்கள் குவிந்திருக்கும். அந்த நெல் ஆலையுடையதன்று. அதை இறுதிச் சரக்கிருப்பில் சேர்த்தால் இலாபம் பொய்யாக ஊதும். கணக்கில் வர வேண்டியது, மார்ச் 31 வரை அரைத்து முடித்துப் பட்டியல் போடாத அளவுக்கான கூலி மட்டும். அதைக் கூடியுள்ள வருமானமாக எழுதி ஏப்ரல் 1-இல் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் ஏப்ரலில் போடும் பட்டியலால் அதே வருமானம் இரண்டாம் முறை ஏறும்.

காப்பீட்டில் மட்டும் நான் மாறுபடுகிறேன். டிசம்பர் 1-இல் கட்டிய ஓராண்டுப் பிரீமியம் ரூ. 1,20,000 என்றால், மார்ச் 31 வரை 121 நாள் போக 244 நாளுக்கு ரூ. 80,219 முன்கூட்டிச் செலுத்தியது. இதை ஏப்ரல் 1-இல் மொத்தமாகத் திருப்பினாலும் ஆண்டுக் கணக்குச் சரியாகத்தான் வரும். ஆனால் ஏப்ரல் மாத இலாப நட்டத்தில் எட்டு மாதச் செலவும் ஒன்றாக விழும். மாதக் கணக்கு எடுக்கும் நிறுவனம் மாதாமாதம் பிரித்து எழுதுவதே நல்லது.

கும்பகோணத்திலிருந்து:

இருவருக்கும் நன்றி. ‘திருப்புப் பதிவு’, ‘திருப்பத்தக்க சரிக்கட்டு’ இரண்டையும் கையேட்டில் எடுத்துக்கொள்கிறேன்.

லாரி வாடகைக்குத் தனி எடுத்துக்காட்டு தேவைப்படும். பத்துக்கு மேல் லாரி வைத்திருக்கும் தனிநபர் ஒப்பந்தக்காரருக்கு மார்ச் வாடகை ரூ. 2,00,000, பட்டியல் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கொடுபட வேண்டியதாக வரவு வைக்கும் அன்றே 1 விழுக்காடு டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்தாக வேண்டும். ஆகவே மார்ச் 31-இல் வாடகை பற்று ரூ. 2,00,000, கொடுபட வேண்டிய வாடகை வரவு ரூ. 1,98,000, டிடிஎஸ் வரவு ரூ. 2,000. திருப்பும்போது டிடிஎஸ் கணக்கைத் தொடக் கூடாது. அந்தத் தொகை ஏப்ரல் 30-க்குள் அரசுக்குப் போக வேண்டியது. எனவே ஏப்ரல் 1-இல் கொடுபட வேண்டிய வாடகை பற்று ரூ. 1,98,000, ஒப்பந்தக்காரர் கணக்கு பற்று ரூ. 2,000, வாடகை வரவு ரூ. 2,00,000. பட்டியல் வந்ததும் முழுத் தொகையையும் அவருக்கு வரவு வைத்தால் தரவேண்டியது ரூ. 1,98,000 என்று தானே நிற்கும். மறுபடி டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை.

விவரக் குறிப்பில் மார்ச் வவுச்சரின் எண்ணும் தேதியும் வர வேண்டும் என்று நினைக்கிறேன். “31.03.2026 ஜர்னல் எண் 412-க்கான திருப்புப் பதிவு” என்று ஒரு வரி போதும். வேறு வாசகம் இருந்தால் எழுதுங்கள்.