உதவி தேவை: ஐஎல்-2 1946 மிஷனில் அகாகியிலிருந்து எழும் விமானங்கள் கடலில் விழுகின்றன

வாவிக்கரையான் (செவ்வாய், இரவு 10.42)

வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை மீது யப்பானியர் நடத்திய விமானத் தாக்குதலை ஐஎல்-2 1946 என்ற கணினி விமானப்போர் விளையாட்டில் ஒரு மிஷனாக அமைத்துக்கொண்டிருக்கிறேன். இலங்கை வரைபடம் விளையாட்டோடு வராததால், ஒரு பசிபிக் தீவின் வரைபடத்தையே திருகோணமலை என்று பாவித்து, அதற்குக் கிழக்கே அகாகி விமானந்தாங்கிக் கப்பலை நிறுத்தி, அதிலிருந்து புறப்பட இரண்டு அணிகளைக் கொடுத்திருக்கிறேன். மிஷனைத் தொடங்கியதும் ஓர் அணி தளத்தின் நுனிவரை ஓடி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுகிறது. மற்ற அணியோ தளத்துக்கே வராமல், தொடக்கத்திலேயே கப்பலின் பக்கத்தில் கடல்மேல் தோன்றி மூழ்கிவிடுகிறது. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு அண்ணரின் மகனுடன் சேர்ந்து பறப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். யாராவது உதவுங்கள்.

கோவை விசிறி (செவ்வாய், இரவு 11.05)

எந்தப் பதிப்பு, எந்த விமானங்கள், என்ன குண்டுச்சுமை, எவ்வளவு எரிபொருள், கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா? இந்த ஐந்தையும் சொல்லாமல் "எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறேன்" என்று மட்டும் எழுதினால், நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

இரும்புச்சிறகு (செவ்வாய், இரவு 11.20)

மாட் பொதி, அதாவது ரசிகர்கள் செய்த மாற்றங்கள் ஏதாவது நிறுவியிருக்கிறீர்களா? இந்த விளையாட்டில் பத்துச் சிக்கல்களில் ஒன்பதுக்கு மாட்களே காரணம் என்பது என் நெடுநாள் முடிவு. முழுவதையும் நீக்கிவிட்டு, மூலப் பதிப்பை வெறுமையான கோப்புறையில் மீண்டும் நிறுவி, அதன் பிறகு மிஷனைச் சோதித்துப் பாருங்கள்.

காற்றுமானி (புதன், காலை 6.31)

மாட்களைப் பழிப்பதற்கு முன் காற்றைப் பாருங்கள். 4.10 பதிப்பு முதல், மிஷன்களை அமைக்கும் கருவியான மிஷன் பில்டரிலேயே காற்றின் திசையையும் வேகத்தையும் கொடுக்கலாம். கப்பலின் பின்புறத்திலிருந்து காற்று வீசும்படி அமைந்துவிட்டால் எந்த விமானமும் தளத்திலிருந்து ஒழுங்காக எழாது. நான் ஒருமுறை இதே தவற்றைச் செய்துவிட்டு இரண்டு நாள் காரணம் தெரியாமல் அலைந்தேன்.

பழைய காக்பிட் (புதன், காலை 9.14)

2004இல் இதே தொடரின் பசிஃபிக் ஃபைட்டர்ஸ் வெளியான நாள் முதல் ஆண்டுக்கு நான்கு முறையாவது இந்தக் கேள்வியைப் படித்து வருகிறேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை போலிருக்கிறது. விடை மிக எளிது, கப்பலை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய பிழையை யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் டி3ஏ "வால்" (Val) விமானங்களைத்தான் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் அன்று தாக்கியவை பி5என் கேட் விமானங்கள், அவையும் நிலைமட்டக் குண்டுவீச்சில். செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் வால்களைக் கப்பல்களுக்காகக் கையிருப்பில் வைத்திருந்தார்கள். அவைதான் பிற்பாடு மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. வரலாற்றுத் தாக்குதலை அமைக்கப் புறப்படுபவர் முதலில் வரலாற்றைப் படிப்பது நல்லது, தம்பி.

வாவிக்கரையான் (புதன், மாலை 5.50)

கேட்டவற்றுக்குப் பதில் தருகிறேன். பதிப்பு 4.12. மாட் எதுவும் நிறுவவில்லை. காற்றின் வேகம் பூச்சியமாகவே இருக்கிறது. முதல் அணி நான்கு டி3ஏ1, ஒவ்வொன்றிலும் 250 கிலோக் குண்டு ஒன்று, 60 கிலோக் குண்டு இரண்டு. இரண்டாவது அணி நான்கு ஏ6எம்2 சீரோ போர் விமானங்கள். எரிபொருள் எல்லாவற்றிலும் 100 வீதம். கப்பலுக்குப் பாதை போட்டிருக்கிறேன்.

காக்பிட் ஐயாவுக்கு: வால்களைக் கொடுத்தது என் தவறுதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஹேர்மீஸ் எங்கள் ஊர்க் கடலின் அடியில் கிடக்கும் கப்பல், அதன் கதை எனக்குத் தெரியாததல்ல. விமானம் எழுந்தால்தானே எதைத் தாக்குவது என்ற கேள்வி வரும்?

கோவை விசிறி (புதன், மாலை 6.15)

பாதை போட்டிருக்கிறீர்கள் என்றால் எந்த வேகத்தில்? இதைத்தான் முதலிலேயே கேட்டேன்.

இரும்புச்சிறகு (புதன், மாலை 6.40)

மாட் இல்லையென்றால் நிறுவல் கோப்புகள் சிதைந்திருக்கலாம். மறுநிறுவல்தான் வழி என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நீலக்கச்சை (புதன், இரவு 8.02)

இவ்வளவு பாடு எதற்கு? புறப்படும் புள்ளியை நீக்கிவிட்டு, முதல் புள்ளியைச் சாதாரணப் பறப்புப் புள்ளியாக 2000 மீட்டர் உயரத்தில் வைத்துவிடுங்கள். எல்லா விமானங்களும் வானிலேயே தொடங்கும், வெள்ளிக்கிழமையும் காப்பாற்றப்படும்.

காற்றுமானி (புதன், இரவு 8.20)

கப்பலிலிருந்து எழாத கடற்படை மிஷன், கல்யாண வீட்டில் தாலி கட்டாமல் பந்திக்கு மட்டும் உட்காருவதைப் போன்றது. விடியலுக்கு முந்தைய அரையிருட்டில் முன்னால் நிற்பவர் புறப்படும்வரை காத்திருந்து, சக்கரத்தடையை எடுத்துவிட்டு ஓடுவதில்தான் இந்த விளையாட்டின் சுகமே இருக்கிறது.

நீலக்கச்சை (புதன், இரவு 8.33)

வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுபவருக்கு அந்தச் சுகம் கட்டுப்படியாகாது. தளத்திலிருந்து எழுவது, அணி சேர்வது, இலக்குவரை பறப்பது என்று 40 நிமிடம் போன பிறகு, எதிரியின் முதல் ஹரிக்கேன் போர் விமானத்திடமே சுடப்பட்டு விழுந்தால் அந்த இரவே வீண்தான். அப்படியே வைப்பதென்றாலும் எதிர்த்தரப்புக்கு ஏதாவது செய்யுங்கள். ஹெர்மிஸுக்குப் பதிலாக இல்லஸ்ட்ரியஸ் விமானந்தாங்கியை வைத்து, அதிலிருந்து சில போர் விமானங்களை எழுப்பினால் சண்டை சமமாக இருக்கும்.

பழைய காக்பிட் (புதன், இரவு 9.10)

இதற்குத்தான் படியுங்கள் என்றேன். அன்று ஹெர்மிஸில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் கரையில் இருந்தன. வெறும் தளத்தோடு வாம்பயர் என்ற ஒரே நாசகாரிக் கப்பலின் துணையில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அகப்பட்டது. ரத்மலானையிலிருந்து உதவிக்கு வந்த ஃபுல்மார் போர் விமானங்கள் சேர்ந்தபோது ஹெர்மிஸ் மூழ்கிவிட்டிருந்தது. அதிலிருந்து விமானம் எழுப்புவது என்றால் அது கற்பனைக் கதை.

நீலக்கச்சை (புதன், இரவு 9.18)

இலங்கைக்குப் பதிலாக எங்கோ ஒரு பசிபிக் தீவை வைத்திருக்கும் மிஷனில் இதுவா கற்பனை?

காற்றுமானி (புதன், இரவு 9.30)

சமநிலை வேண்டுமானால் ஆட்டத்தை மறுபக்கத்திலிருந்து ஆடலாமே. அதே நாளில் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து புறப்பட்ட பிரித்தானிய 11ஆம் ஸ்குவாட்ரனின் 9 ப்ளெனீம் குண்டுவீச்சு விமானங்கள் அகாகியின் மீதே குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை என்றாலும், யப்பானியத் தளபதி நாகுமோவின் கப்பல்கள் எதிர்பாராத வேளையில் குண்டுகள் அருகே விழுந்தன. அதைவிட நல்ல மிஷன் எது?

கடலோரக் கணக்கர் (புதன், இரவு 11.47)

கேட்டவருடைய சிக்கலுக்குத் திரும்புவோம். அவர் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் வெவ்வேறானவை. எனவே தவறும் ஒன்றல்ல, இரண்டு என்று நினைக்கிறேன்.

மிஷன் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறக்கும். மேலே மெயின் என்ற பகுதியில் வரைபடமும் நேரமும் இருக்கும். அதன் கீழே விங் என்ற பகுதியில் அணிகளின் பெயர்கள் வரும். பிறகு ஒவ்வோர் அணிக்கும் பெயரோடு வே என்று முடியும் ஒரு பகுதி இருக்கும், அதன் முதல் வரி டேக்ஆஃப் என்று தொடங்கும். இரண்டு அணிகளின் அந்த வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கப்பலோடு பிணைக்கப்பட்ட வரியில் இடம், உயரம், வேகம் ஆகிய எண்களுக்குப் பிறகு 0_சீஃப் என்பது போன்ற கப்பலின் பெயர் இருக்கும். பிணைக்கப்படாத வரியில் அது இருக்காது. அந்த அணியைப் பொறுத்தவரை கப்பல் என்று ஒன்று கிடையாது, நீங்கள் புள்ளி வைத்த இடத்தில் இருப்பது கடல் மட்டுமே.

அடுத்து, சீஃப் ரோடு என்ற பகுதியில் கப்பலின் முதல் பாதைப் புள்ளியைப் பாருங்கள். அங்கே காத்திருப்பு நேரம் ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா?

வாவிக்கரையான் (வியாழன், மாலை 4.25)

ஐயா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். வால் அணியின் வரியில் 0_சீஃப் இருக்கிறது, சீரோ அணியின் வரியில் இல்லை. இரண்டையும் பிணைத்ததாக எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருமுறை கப்பலை அழித்துவிட்டு, சற்றுத் தெற்கே புதிதாக வைத்தேன், அவ்வளவுதான்.

காத்திருப்பு நேரம் 30 நிமிடம் கொடுத்திருக்கிறேன். விமானங்கள் எழும்வரை கப்பல் ஆடாமல் அசையாமல் நிற்பதுதான் பாதுகாப்பு என்று எண்ணினேன்.

கடலோரக் கணக்கர் (வியாழன், மாலை 6.08)

இரண்டு காரணங்களும் வெளிவந்துவிட்டன. பிணைத்த கப்பலை அழித்தால் அதோடு பிணைப்பும் போய்விடும். புதிய கப்பலை வைத்தபின் வால்களை மட்டும் மறுபடி பிணைத்துவிட்டு, சீரோக்களை மறந்திருப்பீர்கள். சீரோ அணியின் புறப்படும் புள்ளியைத் தெரிவுசெய்து, பாதைப் புள்ளிக்குரிய பலகத்தில் செட் பொத்தானை அழுத்தி, கப்பலின் மீது சொடுக்குங்கள். இறங்கும் புள்ளிக்கும் அதையே செய்யுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இதே கதைதான்.

நிற்கும் கப்பல் பாதுகாப்பு என்ற எண்ணம் இயல்பானதே, ஆனால் அதுதான் வால்களைக் கொன்றது. விமானத்துக்குத் தேவையானது இறக்கையின் மீது பாயும் காற்றின் வேகம், தளத்தின் மீது ஓடும் வேகம் அல்ல. ஒரு கணக்குக்காக, எழுவதற்கு மணிக்கு 130 கிலோமீட்டர் தேவைப்படும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் முன்னோக்கி மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடினால், அந்த விமானம் தளத்தின் மீது 80 எட்டினாலே போதும். ஓடுதூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், தேவைப்படும் நீளம் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. அகாகியின் தளம் சுமார் 249 மீட்டர் நீளம் என்றாலும், முன்வரிசையில் நிற்கும் விமானத்துக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். உண்மையான அகாகி ஏறத்தாழ 31 நாட், அதாவது மணிக்கு 57 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. விமானங்களை ஏவும்போது காற்றை எதிர்த்து வேகமாக ஓடுவதே விமானந்தாங்கிகளின் வழக்கம்.

ஆகவே காத்திருப்பு நேரத்தைப் பூச்சியமாக்குங்கள். கப்பலுக்கு 50 கிலோமீட்டர் வேகம் கொடுத்து, கடைசி விமானம் எழும்வரை திரும்பாமல் நேராக ஓடும்படி நீளமான முதல் பாதையைப் போடுங்கள். இதை நோட்பேடில் மாற்றுவதானால் ஒரு எச்சரிக்கை: கப்பலின் வேகம் கோப்பில் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதப்படுகிறது, அதனால் 50 அல்ல, 13.9 என்றுதான் எழுத வேண்டும். இலகுவான சீரோக்கள் முன்னேயும், குண்டு சுமக்கும் வால்கள் பின்னேயும் நிற்க வேண்டும். சோதனைக்காக எரிபொருளை 50 வீதமாகக் குறைத்துப் பாருங்கள்.

பழைய காக்பிட் (வியாழன், மாலை 6.30)

கப்பலை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்று புதன்கிழமை காலையிலேயே எழுதியிருந்தேன்.

கோவை விசிறி (வியாழன், மாலை 6.34)

எழுதினீர்கள். எப்படி வைப்பது என்பதை மட்டும் எழுதவில்லை.

இரும்புச்சிறகு (வியாழன், இரவு 7.15)

அப்படியென்றால் மறுநிறுவல் தேவைப்படாது என்றே வைத்துக்கொள்வோம்.

காற்றுமானி (சனி, காலை 7.02)

வெள்ளி இரவு என்ன ஆயிற்று? நண்பரே, முடிவைச் சொல்லிவிட்டுப் போங்கள், இதே சிக்கலோடு இன்னொருவர் வரும்போது உதவும்.

வாவிக்கரையான் (அடுத்த வாரம் புதன், இரவு 11.30)

தாமதத்துக்கு மன்னியுங்கள். எட்டும் எழுந்தன, நன்றி. வால்களை எடுத்துவிட்டுக் கேட் விமானங்களைப் போட்டிருக்கிறேன், 800 கிலோக் குண்டோடு முதலாவது மட்டும் இன்னும் தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் எழுகிறது.

கடலோரக் கணக்கர் (வியாழன், காலை 8.10)

எரிபொருள் எவ்வளவு?