தோட்டத்துக் குடிநீருக்கு நாங்களும் பங்குக்காசு போட வேண்டுமா?

பீலிக்கரை:
ஞாயிற்றுக்கிழமை இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். மேல்மலை ஊற்றிலிருந்து 64 வீடுகளுக்குக் குழாய் இழுக்க அரசாங்கப் பணம் வருகிறதாம். செலவில் ஐந்தில் நான்கு பங்கை அரசு போடும். மீதியை நாங்கள் காசாகவும் உழைப்பாகவும் தர வேண்டும். பிறகு சங்கம் அமைத்து, மாதக் கட்டணம் வாங்கி, நாங்களே நடத்திக்கொள்ள வேண்டும். சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் வந்திருந்த அதிகாரி. பாதிப் பேர் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

காரணம் இருக்கிறது. அதே ஊற்றுக்குக் கீழே ஆறு வருடத்துக்கு முன் கட்டிய தண்ணீர் டாங்கி ஒன்று நிற்கிறது. திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல் இன்னும் பளபளக்கிறது. குழாயில் தண்ணீர் வந்ததோ எட்டே மாதம். இப்போது எங்களுக்கு மலைத் தண்ணீர் விழும் பீலிதான். மாசி, பங்குனியில் பீலியில் தண்ணீர் நூல்போல விழும். விடிகாலை நாலரைக்கே வாளிகள் வரிசை கட்டிவிடும். உன் வாளி, என் வாளி என்று சண்டை வராமல் இருக்கப் பிள்ளைகள் கைப்பிடியில் நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறார்கள்; எங்கள் வீட்டுக்கு இரண்டு சிவப்புப் புள்ளி. பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, பிந்தினால் அரைப்பேர், அரைநாள் கூலிதான். இந்த வரிசையில் நிற்பவர்களிடம் 20 வீதம் கேட்பது நியாயமா?

மணல்வடி:
நியாயம்தான். திட்டுவதற்கு முன் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

நான் பதுளை மாவட்டத்துக் கிராமத்தான். உலக வங்கியின் உதவியோடு 1993இல் தொடங்கிய சமூக நீர் வழங்கல் திட்டம் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களுக்கு வந்தபோது எங்களிடமும் இதே 20 வீதத்தைத்தான் கேட்டார்கள். என் அப்பாவிடம் காசில்லை. 22 நாள் குழாய் பதிக்கக் கான் வெட்டிக் கழித்தார். மழை பெய்த மறுநாள் எங்கள் பராமரிப்பாளர் மேலே ஏறி, ஊற்றுக் கட்டின் வலையில் சேர்ந்த இலையை அள்ளிவிட்டு வருவார். மணல் வடியின் மேற்படையில் பாசி பிடித்துத் தண்ணீர் இறங்க மறுத்தால் அதைச் சுரண்டியெடுத்துக் கழுவுவோம். அவருக்குக் கூலி எங்கள் மாதக் கட்டணத்திலிருந்துதான். சும்மா வந்த உங்கள் டாங்கி எட்டு மாதம் ஓடியது. எங்களுடையது இன்னும் ஓடுகிறது. அப்பா வெட்டிய கான் என்பதால்தான் அதன்மேல் யாராவது லொறியை ஏற்றினால் நான் வீட்டைவிட்டு இறங்கி ஓடுகிறேன்.

மஸ்கெலியான்:
ஐயா, உங்கள் காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறது. எங்களுக்கு நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டு லயக் காம்பராவே சொந்தமில்லை. அந்த ஊற்று இருக்கிற காணி 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசிடம் போனது. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தது. 2045 வரை குத்தகை. நாளைக்கு ஒரு புது முகாமையாளர் துரை வந்து ஊற்றுக்கு மேலே களைநாசினி அடிக்கச் சொன்னால், சங்கத் தலைவர் எந்தக் கடிதாசியைக் கொண்டுபோய்க் காட்டுவார்?

இன்னொன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட இடம் கொடுக்கவில்லை. 33ஆம் பிரிவைத் திருத்தியது 2018இல். இடையில் எத்தனை தேர்தல்! வாக்குப் பெட்டி மட்டும் தோட்டத்துக்குள் வரும், குழாய் கிராமத்தோடு நின்றுவிடும். நாங்கள் வாங்கிய சீனிக்கும் மாவுக்கும் வரி கட்டாமலா இருந்தோம்? கணக்குப் பார்த்தால் எங்கள் 20 வீதம் எப்போதோ கட்டியாகிவிட்டது.

கொழும்புத்தெரு:
அரசாங்கம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. 2022இல் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு இது. குத்தகைக்காரன் கம்பனி, கொழுந்து போவது கம்பனித் தொழிற்சாலைக்கு. அங்கே வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் கம்பனியின் கடமைதானே? அரசு குழாய் போட்டுக் கொடுத்தால் அது மக்களுக்குச் செய்த உதவி ஆகாது, கம்பனிக்குக் கொடுத்த மானியம் ஆகும். என் வரிப்பணத்தில் அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

மஸ்கெலியான்:
காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் மின்சாரம் தந்துவிட்டுக் களனியில் இறங்குகிறது. அதே களனியிலிருந்து அம்பத்தளையில் எடுத்துத்தான் கொழும்புக்குக் குடிநீர் தருகிறார்கள். நீங்கள் முகம் கழுவும் தண்ணீர் எங்கள் மலையைத் தாண்டித்தான் வருகிறது. அந்த நீர்த்தேக்கத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டு, பீலிக்கு வாளி தூக்குகிறோம். மானியத்தைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள்!

மணல்வடி:
தம்பி, கோபம் சரி, அந்த நியாயம் குழாய்க்குள் ஓடாது. நீர்த்தேக்கம் பள்ளத்தில், லயம் மேட்டில். அங்கிருந்து ஏற்றினால் மோட்டர் வேண்டும், மாதாமாதம் மின்கட்டணம் வேண்டும். மேலே ஊற்று இருக்கும்போது அது தேவையில்லை.

இறக்கத்திலும் வேறொரு தொல்லை உண்டு. ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடும். இடையில் தொட்டி வைத்து அழுத்தத்தை உடைக்காவிட்டால் கீழே இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும். பீலிக்கரை, உங்கள் பழைய டாங்கிக் குழாய் எந்த இடத்தில் போனது?

பீலிக்கரை:
நீங்கள் சொன்னதேதான். டர்பன்டைன் காட்டுக்குக் கீழே வளைவில் குழாய்களை இணைக்கும் ஒரு சொக்கட் கழன்றது. ஹட்டனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான். அந்த ஒன்றுக்காக நான் அலைந்த கதையைக் கேளுங்கள். தோட்டக் காரியாலயத்தில், நாங்கள் போட்ட குழாய் இல்லை என்றார்கள். ஒப்பந்தக்காரர், நான் கையளித்துவிட்டேன் என்றார். யாரிடம் என்றால் தொலைபேசியை வைத்துவிட்டார். பிரதேச சபைக்குப் போனேன், ஒரு பெரிய பதிவேட்டை இரண்டு முறை புரட்டிவிட்டு, அப்படியொரு டாங்கி எங்கள் சொத்திலேயே இல்லை என்றார்கள். ஐயா, கண்ணுக்கு முன்னால் சிமெந்தில் நிற்கிறது! நானே சொக்கட் வாங்கி மாட்டலாம் என்று போனபோது, கம்பனிக் காணியில் கைவைக்காதே என்று காவல்காரர் திருப்பி அனுப்பினார். அப்புறம் குழாயையே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மணல்வடி:
பார்த்தீர்களா, சொந்தக்காரன் இல்லாத டாங்கி. சங்கம் இருந்திருந்தால் அது சங்கத்தின் டாங்கி.

மஸ்கெலியான்:
சங்கம் இருந்திருந்தாலும் காவல்காரர் திருப்பித்தான் அனுப்பியிருப்பார். நான் சொல்வதும் அதுதான்.

கொழும்புத்தெரு:
அதனால்தான் கம்பனி என்கிறேன். காவல்காரர் அவர்களுடையவர்தானே!

பீலிக்கரை:
64 வீடுகளில் தோட்டத்தில் பேர் போடுபவர்கள் இருப்பது 27 வீடுகளில்தான். மற்றவர்கள் கொழும்பில் கடையிலும், கட்டட வேலையிலும், வெளிநாட்டிலும். கம்பனியிடம் கேட்டால், எங்கள் தொழிலாளிகளுக்கு மட்டும்தான் எங்கள் பொறுப்பு என்பார்கள். அப்படியென்றால் மற்ற 37 வீட்டுக்கு யாரைக் கேட்பது? ஒரே லயத்தில் ஒரு காம்பராவுக்குக் குழாய், பக்கத்துக் காம்பராவுக்கு வாளியா?

ஊவாக்காரி:
எல்லாரும் அண்ணன்மார்களாகவே பேசுகிறீர்கள். கான் வெட்டப் போவது யார்? ஆண்கள் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் வீட்டுக்கு வருகிறார்கள். சிரமதானம் என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் மண்வெட்டியோடு நிற்கப் போவது, கிழமை முழுக்கக் கொழுந்து பறித்த அம்மாமார்கள்தான். அந்த 20 வீதத்தை நான் எதிர்க்கிறேன்.

ஆனால் மாதக் கட்டணத்துக்கு நான் முதல் ஆளாக வருவேன். ஏன் தெரியுமா? எங்கள் வீட்டுக்கு இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது கைக்கு வருமோ தெரியாது. மகனைப் பட்டணத்துப் பாடசாலையில் சேர்க்கப் போனால், வதிவிடத்துக்குத் தண்ணீர் பில்லோ மின்சார பில்லோ கேட்டார்கள். மின்சாரம் அடுத்த காம்பராவிலிருந்து இழுத்தது. தண்ணீர் பீலியிலிருந்து. எதைக் கொண்டுபோய்க் காட்டுவேன்? மானி வைத்து என் பெயரில் ஒரு பில் வரட்டும், மாதம் தவறாமல் கட்டுகிறேன்.

மணல்வடி:
தங்கச்சி, இதை நான் யோசிக்கவேயில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் சங்கப் பற்றுச்சீட்டை நான் ஒருமுறை வங்கிக்குக் கொண்டுபோனேன், முன்பக்கம் பின்பக்கம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். நீங்கள் கேட்கிற பில் வேண்டுமென்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைதான் வர வேண்டும். 64 வீட்டுக்காக அவர்கள் மலையேறுவார்களா என்பது வேறு கதை.

கொழும்புத்தெரு:
கம்பனி பற்றிச் சொன்னதை நான் மாற்றவில்லை. ஆனால் அந்த 37 வீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

பீலிக்கரை:
வருகிற ஞாயிறு மறுபடி கூட்டம். ஊற்றையும் குழாய்ப் பாதையையும் குத்தகையிலிருந்து பிரித்து, சங்கத்தின் பெயரிலோ பிரதேச சபையின் பெயரிலோ எழுதித் தரும்வரை ஒரு சதமும் போடுவதில்லை என்று சொல்லப் போகிறேன். எழுதித் தந்தால் உழைப்புப் பங்கைப் பற்றிப் பேசலாம், அதுவும் அன்றைக்குப் பேர் போட்டுக் கூலி கொடுத்தால். பில் விஷயத்தை ஊவாக்காரி அக்கா சொன்னபடியே சொல்வேன். மணல்வடி ஐயா, உங்கள் சங்கத்தின் யாப்பு விதிகளில் ஒரு பிரதி கிடைக்குமா? மாதிரிக்கு.

மணல்வடி:
அனுப்புகிறேன். சிங்களத்தில் இருக்கிறது, மகளிடம் சொல்லித் தமிழில் எழுதித் தரச் சொல்கிறேன், புதன்கிழமைக்குள் வரும். 20 வீதத்தில் நான் இறங்கி வரவில்லை என்பதையும் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.