ஃபைடோநெட் எண்: முகவரியா, வெறும் டெலிபோன் புத்தகமா?

சாட்ஸ்வர்த் மோடம்:
போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக் கணினி வகுப்பில் மாரிட்ஸ்பர்க் அக்கா, ஃபைடோநெட் வெறும் டெலிபோன் புத்தகம், அதை முகவரி முறை என்றே சொல்ல முடியாது என்று பிள்ளைகளிடம் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஃபைடோநெட் என்பது வீட்டுக் கணினிகள் மோடம் போட்டு டெலிபோன் வழியாக ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பிக்கொண்ட வலையமைப்பு. 5:100/20.3 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் (நானே போட்டுக்கொண்ட எண்). 5 ஆப்பிரிக்க மண்டலம், 100 அதற்குள் ஒரு வலை, 20 ஒரு நோட், அதாவது யாரோ ஒருவர் வீட்டில் ராத்திரியும் பகலும் ஓடிய கணினியும் மோடமும், 3 அந்த நோட்டில் வந்து மெயில் எடுத்துப்போகிறவர். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கியபோது நோட் எண் மட்டும்தான் இருந்தது. கூட்டம் பெருகியதும் அடுத்த வருஷமே வலை என்று பிரித்தார்கள், மண்டலம் அதற்கும் பிறகு வந்தது. தேவைக்குத் தக்கபடி வளர்ந்த முகவரி அக்கா இது.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
வளர்ந்தது சரி தம்பி, ஆனால் ஒட்டுப்போட்டு வளர்ந்தது. பழைய மெயில் ஹெடரில், அதாவது மெயிலின் தலைப்பகுதியில், அனுப்புபவர் வலை, நோட், பெறுபவர் வலை, நோட் என்று நாலு எண்களுக்குத்தான் இடம், மண்டலத்துக்கு இடமே இல்லை. அப்புறம் அதை மெயிலின் உள்ளே, மறைத்து வைத்த ஐஎன்டிஎல் என்ற வரியில் எழுதினார்கள். அந்த வரியைப் போடத் தெரியாத மென்பொருளில் இங்கிலாந்துக்கு ஒரு மெயில் எழுதினேன், அது நம் மண்டலத்துக்குள்ளேயே ஆளைத் தேடிவிட்டுத் திரும்பி வந்தது. இன்னொன்று, ஒவ்வொரு வாரமும் நோட்லிஸ்டில், அதாவது எல்லா நோட்டுகளின் பட்டியலில், வந்த மாற்றங்களை இறக்கிச் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு ஹப், அதாவது மற்ற நோட்டுகளுக்கு மெயிலைக் கடத்திவிடும் நோட், படுத்துவிட்டால் யாராவது கையால் வழியை மாற்றும்வரை மெயில் அங்கேயே கிடக்கும். இன்றைய ரூட்டர்கள் அறுந்த வழியைத் தாங்களே ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன.

சாட்ஸ்வர்த் மோடம்:
ஐஎன்டிஎல் ஒட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிமண்டல மெயிலுக்கு அவர்கள் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். 1ஆம் மண்டலத்திலிருந்து 5க்கு அனுப்பினால் மெயில் முதலில் 1:1/5க்குப் போகும், மண்டல வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசல் மெயில்களைச் சேர்த்துக் கடல் தாண்டி அனுப்பும். வெளிநாட்டு டிரங்க் கால் எவ்வளவு செலவு என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், ஆளாளுக்கு அமெரிக்காவுக்கு டயல் செய்திருக்க முடியுமா?

ஃபீனிக்ஸ் வயர்:
நான் யூயூசிபி பக்கத்து ஆள், அதுவும் யூனிக்ஸ் மெஷின்கள் ஒன்றுக்கொன்று மெயில் கடத்திய ஒரு முறைதான், நடுவில் வருகிறேன். எங்களுக்கு முகவரியும் வழியும் ஒன்றுதான். இந்த மெஷின்!அந்த மெஷின்!அடுத்த மெஷின்!ஆள் என்று ஆச்சரியக்குறி போட்டு வழி முழுவதையும் அனுப்புகிறவரே எழுத வேண்டும். நடுவில் ஒரு மெஷினை மாற்றினால் நண்பர்களிடம் கொடுத்திருந்த முகவரியெல்லாம் வீண். ஃபைடோவில் போய்ச்சேர வேண்டிய இடத்தை மட்டும் எழுதினால் போதும், வழியை நடுவில் இருக்கும் ஒவ்வொரு நோட்டும் பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் சொல்வதுதான் சரி.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடம் என்றாலே ஒரு மண்டலம், ஒரு வலை என்ற கிளைதானே? ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் குடிவந்து வேறு வலையில் சேர்ந்தால் எண் போச்சு, எல்லாருக்கும் மறுபடி சொல்ல வேண்டும். பெயர் என்றால் ஆள் நகர்ந்தாலும் நிற்கும்.

சாட்ஸ்வர்த் மோடம்:
அந்தப் பெயருக்கும் இந்த எண்ணுக்கும் பாலம் போட்டார்களே அக்கா! என் உதாரண எண்ணை இன்டர்நெட் பக்கத்திலிருந்து எழுதினால் பி3.எஃப்20.என்100.இசட்5.ஃபைடோநெட்.ஆர்க் என்று வரும். எண்ணைத் திருப்பிப் போட்டதும் டொமைன் பெயர் ஆகிவிட்டது, ஏனென்றால் இரண்டுமே கிளை பிரியும் மரங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் கதையும் இதில்தான் தொடங்குகிறது. 1988 வாக்கில் கிரஹாம்ஸ்டவுன், இப்போதைய மக்காண்டாவில் உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் போர்ட்லண்டில் ராண்டி புஷ் நடத்திய ஃபைடோ வாசல் வழியாகத்தான் வெளியுலகத்தோடு மெயில் பரிமாறியது. ஐபி இணைப்பு, அதாவது நேரடி இன்டர்நெட், 1991 நவம்பரில் வந்தது, அதுவும் அதே போர்ட்லண்டுக்கு. முகவரி முறையே இல்லாத ஒன்றால் இதைச் செய்திருக்க முடியாது.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
திருப்பிப் போட்ட எண் நல்ல பாடம், அடுத்த சனிக்கிழமை போர்டில் எழுதிக் காட்டுகிறேன். டெலிபோன் புத்தகம் என்று சொன்னதையும் அங்கேயே திருத்திக்கொள்கிறேன். ஆனால் படுத்த ஹப்புக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை தம்பி.

ஃபீனிக்ஸ் வயர்:
அண்ணே, அதற்கு நேராக டயல் செய்யலாம் என்பதுதான் பதில். நோட்லிஸ்டில் போன் நம்பர் இருக்கிறதே, செலவு மட்டும் உங்களுடையது.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
அப்படியென்றால் அந்த நேரத்தில் அது டெலிபோன் புத்தகம்தானே?