பலகாரத் தூக்கும் கவுனிக் கஞ்சியும்: எடை குறைத்தவர்களின் அனுபவங்கள்

தேவகோட்டை

எனக்கு 43 வயது. போன வருஷம் எடை 82 கிலோ, இடுப்புச் சுற்றளவு 97 சென்டிமீட்டர். பெண்களுக்கு இடுப்பு 80-ஐத் தாண்டினாலே சர்க்கரை, பிரஷர் வரும் வாய்ப்பு கூடும் என்றார் டாக்டர். பயந்துபோய், தெரிந்தவர் மூலம் ஒரு மூலிகைப் பொடி வாங்கினேன். பத்து நாளில் 3 கிலோ குறைந்தது, பசியே எடுக்கவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், தூக்கம் கிடையாது. டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்தை, இதயத்துக்கு ஆபத்து என்று இந்தியாவில் 2011-இலேயே தடை செய்துவிட்டார்கள். மூலிகை என்ற பெயரில் அதைக் கலந்து விற்பதும் நடக்கிறது என்றார். அன்றோடு பொடியை நிறுத்தினேன்.

அப்புறம்தான் கவுனி என்ற கருப்பு அரிசிக்கு வந்தேன். விசேஷத்துக்குச் சர்க்கரை, தேங்காய், நெய் போட்டுக் கிண்டுவோமே, அதே அரிசிதான். ராத்திரியே ஊறவைத்துவிடுவேன். காலையில் தண்ணீர் நாவற்பழச் சாறு மாதிரி கருத்து நிற்கும். அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவிட்டு, மோரும் உப்பும் சேர்த்துக் கஞ்சியாக்குவேன். தவிடு நீக்காத அரிசி, எவ்வளவு வெந்தாலும் மென்றுதான் இறக்க வேண்டும். மதியம் வரை பசி தாங்கும்.

ராத்திரிக்குக் கொள்ளு ரசம், காய். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்பார்கள். எனக்கு அது வயிற்றை நிறைத்தது, நாலு இட்லி இரண்டானது. இதையெல்லாம்விட, சாயந்திரம் காபியோடு பலகாரத் தூக்கைத் திறப்பதை விட்டதுதான் பெரிய மாற்றம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி; சீடையும் தேன்குழலும் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று சுட்டவர்களுக்குத் தெரியும்.

எட்டு மாதத்தில் 74 கிலோ. இடுப்பு 88.

கானாடுகாத்தான்

ஆச்சி, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் கவனம். என் வீட்டுக்காரர் எடை குறைக்க வெறும் வயிற்றில் வெந்தயம் சாப்பிட்டு, காலைப் பலகாரத்தையும் பாதியாக்கினார். மாத்திரையை மட்டும் குறைக்கவில்லை. பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 58-க்கு இறங்கியிருந்தது. கருப்பட்டித் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம். அப்புறம் டாக்டர்தான் மாத்திரை அளவைக் குறைத்துக் கொடுத்தார்.

தேவகோட்டை

நல்லவேளை சொன்னீர்கள் ஆச்சி. எங்கள் அப்பச்சியும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்றைக்குக் கூடுதலாக ஒரு உழக்கு கவுனி ஊறவைத்திருக்கிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டே கொடுக்கிறேன்.