வீட்டு வாட்ஸ்அப் குழு: ஸ்பாட் ஃபவுலா, 15 யார்டா?

[8:04] சித்தி: அமெரிக்கன் ஃபுட்பால்ல, காலேஜ் மேட்ச்ல பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு (பிஐ, எறிஞ்ச பந்தை எதிராளி புடிக்க விடாமத் தடுக்கற தப்பு) 15 யார்டோட விட்டுடறாங்க. என்எஃப்எல்ல, அதான் ப்ரோ லீக்ல, அதே தப்புக்கு 40, 50 யார்டு தூக்கிக் குடுக்கறாங்க. இது என்ன கணக்கு?

[8:06] மாமா: என்எஃப்எல்ல தப்பு எங்க நடந்துச்சோ அங்கயே பந்து, அதான் ஸ்பாட் ஃபவுல். சொந்த 30ல (அவங்க கோல் கோட்டுல இருந்து 30 யார்டு) இருந்து 45 யார்டு தள்ளிப் போற பாஸ்ல தப்பு பண்ணினா, பந்து எதிரணியோட 25ல. காலேஜ்ல அதே ஆட்டத்துக்கு சொந்த 45 வரைக்கும்தான். ரெண்டுலயும் ஃபர்ஸ்ட் டவுன் (10 யார்டு போக புதுசா நாலு முயற்சி) தானா வந்துடும்.

[8:07] தம்பி: ஹைஸ்கூல்ல அதுவும் கிடையாது சித்தி. 15 யார்டு குடுத்து அதே டவுனைத் திரும்ப ஆடச் சொல்வாங்க. மூணாவது டவுன், 20 யார்டு வேணும்னா, தண்டனைக்கு அப்புறம் மூணாவது டவுன், 5 யார்டு.

[8:07] தம்பி: என்எஃப்எல்ல எண்ட் ஜோனுக்குள்ள (கோல் கோட்டுக்கு அந்தப் பக்கம், டச்டவுன் எடுக்கற இடம்) பண்ணினா 1 யார்டு கோட்டுல வைப்பாங்க

[8:09] அக்கா: எனக்கு காலேஜ் ரூல்தான் சரின்னு படுது. ரிசீவரும் (பாஸைப் புடிக்கறவன்) அவனைக் காவல் காக்கறவனும் ஓடிக்கிட்டே கையைப் போட்டுக்கறாங்க. அது தப்பா இல்லையான்னு ஒரு ரெஃப் அரை செகண்டுல முடிவு பண்றார். அதுக்கு 50 யார்டு விலையா? மத்த தப்புகளுக்குப் பெரும்பாலும் 15க்கு மேல கிடையாது மாமா.

[8:13] மாமா: கார்னர்பேக் (ரிசீவரைக் காவல் காக்கறவன்) இடத்துல இருந்து யோசிம்மா. ரிசீவர் அவனைத் தாண்டி 2 யார்டு போயிட்டான், பந்து மேல வந்துக்கிட்டிருக்கு, விட்டா டச்டவுன். 15 யார்டுதான் போகும்னா என்ன பண்ணுவான்? ஜெர்சியைப் புடிச்சு இழுத்துடுவான். காலேஜ்ல வேணும்னே அப்படி இழுக்கறதைப் பார்க்கலாம். நீளமான பாஸுக்கு இருக்கற ஒரே காவல் இந்த ஸ்பாட் ஃபவுல்தான்.

[8:14] அக்கா: அப்போ வேணும்னே இழுத்தா ஸ்பாட், தெரியாம மோதினா 15னு பிரிக்கலாமே?

[8:15] மாமா: பிரிச்சா ரெஃப் மனசையும் படிக்கணும். இப்ப இருக்கற சண்டையே போதும்

[8:17] சித்தி: அண்ணா, ஹோல்டிங், இல்லீகல் கான்டாக்ட், பிஐ மூணும் எனக்கு ஒண்ணு மாதிரியேதான் தெரியுது

[8:22] தம்பி: பந்து எங்க இருக்குன்னு பாருங்க சித்தி. குவாட்டர்பேக் (பாஸ் எறியறவர்) கையில இருக்கும்போது புடிச்சு இழுத்தா ஹோல்டிங். லைன்ல (ஆட்டம் தொடங்கற கோடு) இருந்து 5 யார்டு தாண்டினதுக்கு அப்புறம் தள்ளினா இல்லீகல் கான்டாக்ட், ஆனா குவாட்டர்பேக் பாக்கெட்டை (அவரைச் சுத்தி சக ஆட்டக்காரங்க காவல் நிக்கற இடம்) விட்டு வெளிய ஓடிட்டா அது கிடையாது, ஹோல்டிங் மட்டும் நிக்கும். ரெண்டுக்கும் 5 யார்டு, ஃபர்ஸ்ட் டவுன். பந்து கையை விட்டுக் கிளம்பினதும் பிஐ ஆரம்பம். யாராவது பந்தைத் தொட்டா அதோட முடிஞ்சுது. லைன்ல நிக்கறவன் விரல்ல பட்டுத் திரும்பினா அப்புறம் மோதறது பிஐ இல்ல.

[8:24] அக்கா: புடிக்கவே முடியாத உயரத்துல போனா பிஐ கிடையாது. ஹோல்டிங்குக்கு அந்த விலக்கு இல்ல, பந்து எங்க போனாலும் ஃபிளாக்தான் (தப்புன்னு ரெஃப் வீசற கொடி). இதுலதான் நிறைய பேர் குழம்பறாங்க.

[8:25] சித்தி: அப்போ 2023 சூப்பர் பவுல் (என்எஃப்எல் ஃபைனல்) கடைசி ஃபிளாக்? 35-35ல இருந்தப்போ?

[8:27] தம்பி: ஈகிள்ஸ் டீம் பிராட்பெரி, சீஃப்ஸ் டீம் ரிசீவர் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரைப் புடிச்சது. அது ஹோல்டிங், பிஐ இல்ல. புடிச்சேன்னு பிராட்பெரியே ஒத்துக்கிட்டார். அதுல கிடைச்ச ஃபர்ஸ்ட் டவுனை வச்சுத்தான் சீஃப்ஸ் நேரத்தைக் கரைச்சு ஃபீல்ட் கோல் (பந்தை உதைச்சு 3 பாயிண்ட்) அடிச்சாங்க, 38-35.

[8:31] அக்கா: அது சின்ன இழுப்பு, ஆனா ஃபிளாக் போட்டாங்க. 2019 ஜனவரி, நியூ ஆர்லியன்ஸ், செயின்ட்ஸ்-ராம்ஸ்: 20-20, ரெண்டு நிமிஷம்கூட பாக்கி இல்ல. ராம்ஸ் ரோபி-கோல்மன் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காம, அது வந்து சேர்றதுக்கு முன்னாடியே செயின்ட்ஸ் ரிசீவர் டாமிலீ லூயிஸ் மேல மோதினார். ஃபிளாக்கே இல்ல! ராம்ஸ் ஓவர்டைம்ல 26-23னு ஜெயிச்சு சூப்பர் பவுலுக்குப் போயிட்டாங்க. இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

[8:33] மாமா: அதுக்காகத்தான் 2019 சீசன்ல பிஐயை ரீப்ளேல பார்க்க விட்டாங்க. ஒரே வருஷம், எடுத்துட்டாங்க.

[8:36] அக்கா: எடுத்தது தப்பு மாமா. ரீப்ளேல பட்டவர்த்தனமாத் தெரிஞ்ச பல தப்புகளைக்கூட மாத்த மறுத்தாங்க. எவ்வளவு மோதினா "தெளிவான தப்பு"ன்னு ஒரே அளவுகோல் வைக்கல. ரூலைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அளவுகோலைச் சரி பண்ணியிருக்கணும்.

[8:40] மாமா: அதை ஒத்துக்கறேன். ஆனா ஸ்லோ மோஷன்ல பார்த்தா எல்லாத் தொடுதலும் பிஐதான். கை பட்டது முக்கியமில்ல, அந்தக் கை என்ன பண்ணுச்சுங்கறதுதான் முக்கியம். பந்து வர்றதுக்கு முன்னாடி கையை மடக்கிப் புடிச்சானா, இடுப்பைக் கொக்கி போட்டுத் திருப்பினானா, குறுக்க கையை நீட்டித் தடுத்தானா, முதுகு வழியா ஏறினானா, பந்தைப் பார்க்காம வழியை மறிச்சானா? இதுல ஒண்ணு இருந்து, அதனால ரிசீவரால புடிக்க முடியாமப் போனாத்தான் பிஐ. ரெண்டு பேரும் பந்தைப் பார்த்துக்கிட்டே மோதினா தப்பு இல்ல.

[8:41] தம்பி: முகத்துக்கு முன்னாடி கையை ஆட்டி மறைக்கறது? தொடாம?

[8:42] மாமா: என்எஃப்எல்ல தொடாத வரைக்கும் தப்பு இல்லடா

[8:44] சித்தி: ரிசீவர் தள்ளினா?

[8:46] அக்கா: அஃபென்ஸிவ் பிஐ சித்தி, பந்து வச்சிருக்கற அணி பண்ற பிஐ. கையை முழுசா நீட்டித் தள்ளி இடைவெளி உண்டாக்கினா ஃபிளாக். என்எஃப்எல்ல 10 யார்டு, காலேஜ்ல 15, ரெண்டுலயும் ஸ்னாப் (பந்தைப் பின்னாடி குடுத்து ஆட்டத்தைத் தொடங்கறது) நடந்த இடத்துல இருந்து பின்னாடி. பாஸ் முன்னாடி போற ஆட்டத்துல அஃபென்ஸுக்கு ஸ்னாப்புல இருந்தே தடை. பந்து கிளம்பற வரைக்கும் காத்திருக்கறது டிஃபென்ஸுக்கு மட்டும்தான்.

[8:47] அக்கா: பாருங்க, இங்கயே 10 யார்டு. அங்க 50. எனக்கு இதுதான் உறுத்துது.

[8:49] மாமா: அவன் தள்ளிப் புடிச்ச டச்டவுனும் சேர்ந்துதானே போகுது! 60 யார்டு கேட்ச் ரத்து, அதுக்கு மேல 10. கூட்டிப் பாரு.

[8:53] அக்கா: ம்ம். அது சரிதான். அப்போ ஸ்பாட் ஃபவுல் இருக்கட்டும், ஆனா ரீப்ளே வேணும். ஒரு முடிவுக்கு 50 யார்டு விலைன்னா, அதைத் திரும்பப் பார்க்க ஒரு வழியும் இருக்கணும்.

[8:55] சித்தி: டிவியில சத்தம் இல்லாம பார்த்தா எதுக்கு ஃபிளாக்னு எப்படித் தெரியும்?

[8:56] தம்பி: வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை ரெஃப்போட கையைப் பாருங்க. ரெண்டு கையையும் தோள்ல இருந்து முன்னாடி தள்ளினா பிஐ. மணிக்கட்டைப் புடிச்சுக் காட்டினா ஹோல்டிங். தலைக்கு மேல உள்ளங்கையை வீசினா, புடிக்க முடியாத பந்து, தண்டனை இல்ல.